முட்டை பார்க்கிற ஆராயி ஸ்கேன் பார்த்த கதை

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், வாழைத் தோட்டங்கள் முடிந்து வறண்ட காடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஹேச்சரி இருக்கிறது. கோழி முட்டையை மெஷினில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கிற இடம். அங்கே போய் ஆராயி எங்கே என்று கேட்டால், "சத்தம் வார பக்கமா போங்க" என்றுதான் வாட்ச்மேன் கைகாட்டுவார். ஆள் அப்படி. வேலை செய்வது இருட்டு அறையில். பேச்சும் சிரிப்பும் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்.

பெயர்தான் பழைய பெயர், ஆள் முப்பத்தைந்தைத் தாண்டாதவள். பிறந்தது மேட்டூர். அப்பா அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். "மீன் நாத்தத்துல பொறந்து கோழி நாத்தத்துல வாக்கப்பட்டவ நானு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கட்டிக்கொண்டது அறிவழகனை. அதே ஹேச்சரியில் குஞ்சு ஏற்றுகிற வேன் ஓட்டுகிறான். அறிவும் அழகும் அவனுக்குக் குறைவில்லை, வாய்தான் இல்லை. கடவுள் இரண்டு பேருக்கான வாயையும் ஆராயியிடமே கொடுத்தனுப்பிவிட்டார் போலும்.

ஆராயியின் வேலை முட்டை பார்ப்பது. செட்டர் என்கிற பெரிய பெட்டிக்குள் சில நாள் சூட்டில் இருந்த முட்டைகளை ட்ரே ட்ரேயாக இருட்டு அறைக்குக் கொண்டுவருவார்கள். அடியில் விளக்கு எரிகிற மேஜைமேல் ட்ரேயை வைத்தால் ஒவ்வொரு முட்டையும் உள்ளுக்குள் சிவந்து தெரியும். நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி ரத்த நரம்பும் ஓடினால் உயிர் இருக்கிறது. ஒன்றுமில்லாமல் மஞ்சளாய்ப் பளிச்சென்று இருந்தால் கருவே பிடிக்காத வெறும் முட்டை. நரம்பு சுருங்கி வளையமாய் நின்றிருந்தால், பிடித்துப் பிறகு நின்றுபோனது. ஆராயி கண் இமைக்கிற நேரத்தில் பார்த்துவிடுவாள். உயிர் இல்லாததைக் கை தானாக எடுத்துக் கூடையில் போடும், வாய் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். எதிர் மேஜையில் கௌசியா. பரமத்தி வேலூர்க்காரி, ஆராயியைவிட நாலைந்து வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். இவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் மெஷின் சத்தம் தோற்றுப்போகும்.

மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே ஒதுக்கி வைக்கிற முட்டையும் உண்டு. வழக்கத்தைவிடப் பெரிதாக, உள்ளே இரட்டைக் கருவோடு இருக்கிறவை. அவற்றைச் சூட்டில் வைத்துப் புண்ணியமில்லை. ஓட்டுக்குள் இடம் போதாமல் இரண்டுமே நின்றுவிடும். அதனால் வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் ஆம்லெட் போட்டுவிடுவார்கள். ஆராயியின் மாமியார் சின்னாயிக்கு இரட்டைக் கரு ஆம்லெட் என்றால் கொள்ளைப் பிரியம்.

இந்த ஆராயிக்குத் தை மாதக் கடைசியில் நாள் தள்ளிப்போனது.

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் ஒருமுறை கரு தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அப்போது யாரும் ஸ்கேன் பார்க்கவில்லை. வயிறு தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வயிறு தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது; தெரியாததால் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். முட்டை ட்ரே தூக்கினாள், பப்பாளி தின்றாள், அமாவாசையும் அதுவுமாக மேட்டூர் பஸ் ஏறினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆராயி ஒவ்வொருத்தருக்கும் முகத்துக்கு நேரே பதில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, உள்ளுக்குள் அத்தனையையும் நம்பினாள். தன்னால்தான் போயிற்று என்று இத்தனை வருஷமாக மனதில் போட்டு மருகிக்கொண்டிருந்தாள். வெளியே அந்தச் சிரிப்பு, உள்ளே இந்தப் பாரம்.

மெடிக்கலில் வாங்கிய அட்டையில் இரண்டு கோடு விழுந்ததும் புருஷனை மட்டும் கூப்பிட்டுக் காட்டினாள். அறிவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டர்கிட்டப் போலாம் புள்ள. ஸ்கேன் பாத்துப் போடலாம்" என்றான். அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை வருவதே அபூர்வம்.

"இப்ப வேண்டாமுங்க."

"ஏம் புள்ள?"

"ஏனுங்க, முட்டைய செட்டர்ல வெச்ச மொத வாரம் யாராச்சும் வெளிய எடுத்துப் பாக்கறமா?"

"இல்ல."

"ஏன் பாக்கறதில்ல?"

"சூடு எறங்கிப் போயிரும். அசைச்சாக் கரு கலங்கிப் போயிரும்."

"அதேதானுங்க இதுவும். தானாப் புடிச்சு நிக்கட்டும். வகுறு தெரிஞ்ச பொறவு பாத்துக்கலாம்."

குஞ்சு வேன் ஓட்டுகிறவனுக்கு இந்த நியாயம் சரியாகவே பட்டது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். உலகத்தில் எத்தனையோ பேர் ஸ்கேன் வேண்டாம் என்று எத்தனையோ காரணம் சொல்லியிருப்பார்கள். செட்டர் கதவைக் காரணம் காட்டியவள் ஆராயி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சில நாளில் மாமியார் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவள் மருமகள் கட்சி.

"நாங்கெல்லாம் எந்த மெசினுக்கடில போய்ப் படுத்தோம்? ஏழு பெத்தவ நானு. அந்த வெளிச்சத்தப் பாச்சுனாப் பச்சக் கரு தாங்குமா சாமி?" என்றாள் சின்னாயி.

ஏழு பெற்றதைச் சொல்வாள் சின்னாயி. அதில் உயிரோடு தங்கியது மூன்று என்பதைச் சொல்லமாட்டாள். அந்தக் காலத்துப் பெருமை பேசுகிறவர்கள் எல்லோருமே இப்படித்தான், பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். கேட்கிற நாமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருப்போம்.

செட்டர் கதவெல்லாம் சும்மா ஒரு சாக்கு. உண்மையான காரணம் பயம். பார்க்காத வரைக்கும் உள்ளே ஒரு உயிர் இருக்கிறது. பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? நாளெல்லாம் வெறும் முட்டையை எடுத்துக் கூடையில் போடுகிறவளுக்கு அந்தப் பயம் வராமல் வேறு யாருக்கு வரும்? இப்போதெல்லாம் கூடையில் முட்டை விழுகிற சத்தம் கேட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சும் குறைந்துபோனது. வாட்ச்மேன் கூட, "என்ன, இன்னிக்கு ஆராயி லீவா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிர் மேஜையில் நிற்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? முட்டைகளுக்குக் கிருமி மருந்துப் புகை போடுகிற நாள் அன்று. அந்த நெடி லேசாக வந்ததுமே ஆராயி வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள். பின்னாலேயே வந்த கௌசியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"எத்தன மாசம்?"

"என்னக்கா எத்தன மாசம்? காத்தால தின்ன பழைய கொழம்பு..."

"ரெண்டு பெத்தவகிட்ட மறைக்கறியா? மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு. டாக்டரப் பாத்தியா?"

இல்லை என்றாள் ஆராயி. செட்டர் கதவு நியாயத்தையும் சொன்னாள். கௌசியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"ஆமா, நீ ஒரு கோழி, உன் வயித்துல ஓடு கட்டியிருக்குது. ஏன் புள்ள, உனக்கு மூளையும் முட்டை சைசுல தான் இருக்குதா?" என்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்தாள். "என் தங்கச்சி அர்ஃபாவுக்கு மொதல்ல தங்குனது என்னாச்சுன்னு உனக்குச் சொல்லலையே. கர்ப்பப்பைக்குள்ள தங்காம, வர்ற வழியில கொழாய்லயே தங்கிருச்சு. அவளுக்கு ஒரு வலி இல்ல, ஒண்ணுமில்ல. சும்மா ஸ்கேன் பாத்துட்டு வருவோம்னு போனவள அன்னிக்கே அட்மிட் பண்ணிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தாக் கொழாய் வெடிச்சு ஆளே போயிருப்பான்னு சொன்னாங்க. அல்லா காப்பாத்துனான். அதுக்கப்புறம் பொறந்தவன்தான் பயாஸ். இப்ப ஸ்கூலுக்குப் போறான், ஊட்டுல யாரையும் ஒக்கார உடறதில்ல."

ஆராயி பாட்டில் மூடியைத் திருகி மூடினாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லிப்போட்டா என்னக்கா பண்ணுவேன்?"

கௌசியாவுக்கு இப்போதுதான் புரிந்தது. "ஒண்ணுமில்லன்னா, பாக்காம இருந்தா மட்டும் வந்துருமா? பூனை கண்ண மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிருமா ஆராயி? இருந்தா எப்படி இருக்குன்னு தெரியும். அதுக்கு வேண்டியதப் பண்ணலாம். வா, நானும் வாரேன்" என்றாள்.

மறுநாளே கிளம்பினார்கள். அறிவழகன் பைக்கில் ஆராயியை உட்காரவைத்து ஓட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். வேன் நிறைய ஒருநாள் குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு குலுங்காமல் போகிற கை. வேகத்தடைக்கு வேகத்தடை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏற்றினான். சைக்கிளில் போன வெற்றிலைக்காரர் ஒருவர் அவர்களை முந்திப் போனதோடு திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் போனார். "ஏனுங்க, இப்படிப் போனா வழியிலயே பத்து மாசம் ஆயிருமுங்க" என்றாள் ஆராயி. பல நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. அறிவழகனுக்கு அதிலேயே பாதி உயிர் வந்தது.

வேலூரில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் கௌசியா முன்னதாகவே வந்து டோக்கன் போட்டுக் காத்திருந்தாள். உள்ளே கூப்பிடுவதற்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஆராயி குடித்தாள். கூட்டம் நகரவில்லை. மறுபடி குடித்தாள். காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, இன்னும் சித்த நேரம் போச்சுன்னா மேட்டூர் டேம் ஒடஞ்சு போயிரும்" என்று காதில் சொன்னாள். கௌசியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அறிவழகன், குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டார்கள் என்று சுவரில் மாட்டியிருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் பத்துத் தடவையாவது படித்திருப்பான். அவனுக்கு எதுவாக இருந்தாலும் சரி, இருந்தால் போதும்.

உள்ளே, கௌசியா பக்கத்தில் நிற்க, டாக்டரம்மா வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை வைத்தார். அறையை இருட்டாக்கினார்கள். ஆராயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வெளிச்சம் பட்டுக் கருவுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா டாக்டரம்மா?" என்று மூடிய கண்ணோடு கேட்டாள்.

"இதுல வெளிச்சமே இல்லம்மா. எக்ஸ்ரே வேற, இது வேற. நம்ம காதுக்குக் கேக்காத ஒரு சத்தம். அது உள்ள போய்ப் பட்டுத் திரும்பி வரதப் படமாக் காட்டுது. தேவைக்குப் பாக்கறதுனால கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாம படுங்க."

அதற்குப் பிறகு டாக்டரம்மா பேசவில்லை. கருவி இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, ஒரே இடத்தில் நின்றது. மறுபடி போனது. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆராயிக்குத் தெரியும். அவள் எத்தனை முட்டையைப் பார்த்திருப்பாள்! எதையாவது எடுத்துக் கூடையில் போடும்போது அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டா போடுகிறாள்? கௌசியாவின் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துபோனது.

"ஆராயி" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு இருக்கு."

"என்னுங்க ரெண்டு?"

"ரெண்டு கரு. ரெட்டப் பிள்ள."

ஆராயி ஓவென்று அழுதுவிட்டாள். அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. வெளியே பெஞ்சில் இருந்த அறிவழகன் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். ரெட்டை என்றால் சந்தோஷத்தில் அழுகிறவர்களை டாக்டரம்மா பார்த்திருக்கிறார், செலவை நினைத்து அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறார். இது எந்த ரகம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏம்மா அழறீங்க? நல்ல விஷயந்தானே?"

"ரெட்டக் கரு பொரியாதுங்களே டாக்டரம்மா!" என்று கதறினாள் ஆராயி. "ரெண்டும் நின்னு போயிருமுங்களே! நாங்க அதை மெசின்லயே ஏத்தமாட்டமுங்க, ஊட்டுக்குக் கொண்டுபோயி ஆம்லெட் போட்டுருவமுங்க!"

டாக்டரம்மா கருவியைக் கையில் பிடித்தபடி கௌசியாவைப் பார்த்தார். கௌசியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நாங்க ஹேச்சரில முட்டை பாக்கறவங்க டாக்டர்" என்று அவள் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். நர்சும் சிரித்தாள். என்ன விஷயம் என்றே தெரியாமல் அறிவழகனும் பயந்துபோய்ச் சிரித்தான்.

"உங்களுக்கு இருக்கறது ஓடு இல்லம்மா, கர்ப்பப்பை. அது விரிஞ்சு எடம் குடுக்கும்" என்றார் டாக்டரம்மா. "கண்ணத் தொறங்க மொதல்ல. முட்டைய மட்டுந்தான் பாப்பீங்களா? இங்க பாருங்க."

ஆராயி ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ தெரிந்தது. அதற்குள் இரண்டு சின்னப் பை. பைக்கு ஒன்றாக, மொச்சைக் கொட்டைபோல் ஒரு உரு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஏதோ ஒன்று படபடவென்று மினுங்கிக்கொண்டிருந்தது. என்ன அது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "துடிக்குதுங்க" என்றாள். "ரெண்டும் துடிக்குதுங்க. ஏனுங்க, இங்க பாருங்க, ரெண்டும் துடிக்குது!" அறிவழகன் பார்த்தான்.  சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா சிரிப்பை விட்டுவிட்டு இப்போது விஷயத்துக்கு வந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டும் தனித்தனிப் பையில இருக்கு, ஆனா நஞ்சுக்கொடி ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒரே எலையில ரெண்டு பேர் சாப்பிடற மாதிரி. சில நேரம் ஒண்ணுக்குக் கூடவும் ஒண்ணுக்குக் கொறைச்சலாவும் போயிரும். அப்படி ஆகுதான்னு நாலாம் மாசத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ பாத்துக்கிட்டே இருக்கோணும். நஞ்சு ஒண்ணா ரெண்டாங்கறது இப்பத்தான் தெளிவாத் தெரியும். வயிறு பெருசான பொறவு வந்திருந்தா எங்களுக்கே சொல்றது கஷ்டம்." வேலையைப் பற்றியும் கேட்டார். புகை போடுகிற பக்கமே போகக்கூடாது, ட்ரே தூக்கக்கூடாது என்றார். பிறகு, முன்னால் ஒன்று கலைந்தபோது ஸ்கேன் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. நாந்தானுங்க பப்பாளி தின்னு, பஸ்ல போயி..." ஆராயியின் குரல் இறங்கிவிட்டது.

"பப்பாளியும் இல்ல, பஸ்ஸும் இல்ல. அவ்வளவு சீக்கிரமே நின்னு போறதுல பாதிக்கு மேல கருவிலேயே ஏதோ சரியா அமையாததுனால. அம்மா செஞ்சதுனால இல்ல. அன்னிக்கே ஒருதடவ பாத்திருந்தா, யாராவது ஒருத்தர் உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பாங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோதும் ஆராயி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சமாதானத்துக்குச் சொல்லியிருப்பாரோ என்று கௌசியாவிடம் கேட்டாள். கௌசியா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசமா முட்டை பாக்கறியே. ட்ரேக்கு நாலஞ்சு நின்னு போவுதில்ல? என்னிக்காச்சும் ஒருநாள், 'இந்தக் கோழி என்ன பண்ணித் தொலைச்சுதோ'ன்னு கோழியத் திட்டியிருக்கியா நீ?"

திட்டியதில்லை. ஒருநாளும் திட்டியதில்லை. ஆராயி அந்த டீக்கடை வாசலில், பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் பார்க்கப் பார்க்க, கௌசியாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி அழுதாள். இந்தத் தடவை அழுதது போன குழந்தைக்காக. காரணம் தேடாமல், தன்னைத் திட்டாமல், அதற்காக மட்டும் அழுதாள். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. பசித்தது. இரண்டு வடை வாங்கித் தின்றாள்.

வீட்டில் சின்னாயி ஸ்கேன் படத்தை வாங்கி நேராகப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல மூக்கு எது சாமி?" என்றாள். இன்னும் மூக்கு வரவில்லை என்றதும், "வராட்டிப் போவுது, நம்ம மூக்குத்தான வரப்போவுது" என்று சொல்லிப் படத்தை முருகன் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள். அன்றோடு ஒரு கட்டளையும் போட்டாள்: இனிமேல் இரட்டைக் கரு முட்டை இந்த வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. அவ்வளவு பிரியமானதை ஒரே நாளில் விட்டவள், அதற்குப் பிறகு ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஹேச்சரி மேனேஜர் சந்திரசேகர் நல்ல மனிதர். புகை வாடையே வராத பக்கத்தில், உட்கார்ந்து தடுப்பூசி மருந்துக்குக் கணக்கு எழுதுகிற வேலைக்கு ஆராயியை மாற்றினார். அவள் பேச்சுச் சத்தம் திரும்பிவந்து, அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்கேன் நாள் வந்தால் போதும், யாரும் சொல்லாமலே முதல் ஆளாகத் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் கண் கொட்டாமல் திரையைப் பார்ப்பாள். "இந்தப் பக்கத்துது ஒதைக்குது பாருங்க, இது என்னை மாதிரி. அக்கட்ட இருக்கறது சத்தமே காட்டாது, அது அவிய அப்பன் மாதிரி" என்று டாக்டரம்மாவுக்கே விளக்கம் சொல்வாள்.

ஆடி பிறந்த வாரத்தில் ஒருநாள் டாக்டரம்மா பேசுவதை நிறுத்திவிட்டு அளந்தார். திரும்ப அளந்தார். அறையில் அந்தப் பழைய மௌனம் வந்தது. ஆராயி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"எதுன்னாலும் இப்பவே சொல்லிப்போடுங்க டாக்டரம்மா. தெரிஞ்சாத்தான என்ன பண்றதுன்னு பாக்க முடியும்" என்றாள்.

சத்தம் காட்டாத பிள்ளை மெலிந்திருந்தது. ஒன்று வளர்கிற அளவுக்கு மற்றது வளரவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இதையே தனியாகப் படித்த டாக்டர் இருக்கிறார், இனி வாராவாரம் அங்கே பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மாதம் நிறைவதற்கு முன்பே குழந்தைகளை எடுத்துவிட வேண்டும் என்றார்.  ஆராயி வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆடி மாதத்தில் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாறுவதா என்று அறிவழகன் தயங்கினான். "ஆடியாவது கீடியாவது! கெளம்புங்கடா" என்று சத்தம் போட்டாள் சின்னாயி. அடுத்த வாரமே சேலம் போனார்கள். அதற்கடுத்த வாரமும் போனார்கள். சின்னது கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறியது. ஆவணிக் கடைசியில், இனிமேல் உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் அதற்கு நல்லது என்று சேலம் டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

ஆபரேஷன் தியேட்டரில் ஆராயிக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. நடுவில் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். எதையும் பார்க்க முடியாது, காதால் கேட்கத்தான் முடியும். முதல் குழந்தை வந்தது. வந்ததும் வராததுமாகப் போட்ட கூப்பாட்டில் நர்ஸ் ஒருத்தி, "யப்பா, என்னா சத்தம்!" என்றாள். எந்தக் குழந்தை அது என்று ஆராயிக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம் இரண்டாவது. அதை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்து மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தை டாக்டர் அங்கே தயாராக நின்றிருந்தார், எல்லாம் முன்பே தெரிந்திருந்ததால். யாரோ முதுகைத் தேய்த்துவிடுகிற சத்தம் கேட்டது. "வா சாமி" என்று ஆராயி சொன்னாள். "வந்துரு சாமி. அம்மா இங்கதான் இருக்கறன். வந்துரு."

ஒரு இருமல் கேட்டது. பிறகு பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம். பிறகு அதுவே கோபம் வந்து, பெரிதாகி, முதலாவதை மிஞ்சிக்கொண்டு, அந்த அறை முழுக்கக் கேட்டது.

வெளியே வராந்தாவில் அறிவழகனும் கௌசியாவும் இரண்டு குரலையும் தனித்தனியாகக் கேட்டார்கள். உள்ளே நர்ஸ் சின்னதைத் துணியில் சுற்றி, "ச்சூ, ச்சூ, போதும் தங்கம், அழக்கூடாது" என்று தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள்.

"அழுவட்டும் உடுங்க" என்றாள் ஆராயி. அவள் கண்ணீர் காது வரைக்கும் வழிந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "ரெண்டும் நல்லா அழுவட்டுமுங்க. யாரும் அமத்தாதீங்க."

நர்ஸ் கையை எடுத்துவிட்டாள்.